மூக்கும் முழியும்

அறுவை முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலையில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்களைச் சுற்றி நாவற்பழ நிறம். இமைகள் வீங்கிப் பாதி மூடிக் கிடந்தன. மூக்கின்மேல் கெட்டியான கட்டு. அதன்கீழே, கசியும் இரத்தத்தை உறிஞ்சுவதற்காக ஒட்டிய பஞ்சுத்துணி வெள்ளை மீசை போல. வாசலில் பால்காரர் குரல் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஏன் ஒதுங்கினேன் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

44 வயதில் ஒரு தமிழாசிரியை தன் மூக்கைத் திருத்திக்கொள்கிறாள் என்றால், இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கேனும் உதட்டோரம் ஒரு நகை அரும்பும். அரும்பட்டும். பள்ளியில் எனக்குக் 'கிளிமூக்கு' என்று பெயர். 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்ற நம் வழக்கில் கண்ணுக்கு முன்னால் மூக்கு வந்து நிற்பதை, பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்த எந்தப் பெண்ணும் அறிவாள். பல ஆண்டுகள் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தி, பிறகு நிரந்தரமாகி, வீட்டுக் கடனும் தீர்ந்தபின் என் சேமிப்பில் செய்துகொண்டேன். எவரும் வற்புறுத்தவில்லை. கணவர் வேண்டாம் என்றார். முடிவு செய்துவிட்டேன் என்றதும் கூடவே வந்தார்.

ஆனால் உறவினர்களிடமும் துறையிலும் 'சைனஸ் ஆபரேஷன்' என்று சொன்னோம். நோய்க்கு நம் வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள், கட்டிலோரம் அமர்ந்து தங்கள் ஆபரேஷன் கதைகளைச் சொல்வார்கள், எழும்போது நெற்றியில் திருநீறு இட்டுப் போவார்கள். நோயில்லாமல் வலியை வாங்கிக்கொண்டவளுக்கு அந்தச் சடங்குகளில் இடம் கிடையாது. ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேடி இருந்தே" என்றாள். பிறகு மூக்குத்தி எங்கே என்று கேட்டு, அதை ஒரு சுருக்குப்பையில் போட்டு முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

பொய்க்கு நான் எதிர்பாராத விலை ஒன்று இருந்தது. எட்டாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கண்ணைச் சுற்றியிருந்த நிறம் கன்னத்துக்கு இறங்கி மஞ்சளும் பச்சையுமாகிவிட்டது. கண்ணோரம் கொஞ்சம் கறுப்பு மிச்சம். மாலையில் துணி எடுக்க மாடிக்குப் போனவளை அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் கணவர் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் என் கையைப் பற்றி, "எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு, பயப்படாதே" என்றார். சைனஸ் என்று சொல்லியிருந்தது எங்கள் இருவருக்கும் பயன்படவில்லை. நம் தெருக்களில் ஒரு பெண்ணின் கண்ணடியில் கறுத்திருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அந்த அக்காவின் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. அவர் ஐயப்பட்டது சரி. என் வெட்கம் ஒரு நல்ல மனிதர்மேல் பழியாக இறங்கியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றே அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "இதுக்காகவா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தானே அத்தனை பொய்யும்!

வலியைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில்லை. வலி அப்படியொன்றும் பெரிதுமல்ல. பெரிது மற்றவை. இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு உதடும் நாக்கும் வறண்டு வெடிக்கும். தலையை உயர்த்தியே உறங்க வேண்டும். மூன்று தலையணைமேல் சாய்ந்து கிடப்பதை உறக்கம் என்று சொல்லலாமா தெரியவில்லை. குனியக் கூடாது, ஆகவே கோலம் இல்லை. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்; மிளகாய் தாளிக்கும் வீட்டில் இது எத்தகைய தவம் என்பதை அந்தக் கையேட்டை எழுதியவர் அறிந்திருக்க மாட்டார். ரசத்துக்கு மணமே இல்லை. நான்காம் ஐந்தாம் நாட்களில் காரணமற்ற அழுகை வரும்; வந்தது. ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் வீக்கம் முற்றும் வடிந்து மூக்கு தன் வடிவுக்கு வர ஓராண்டுகூட ஆகலாம் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

ஒட்டுறுப்பு மருத்துவத்தின் வரலாற்றிலேயே மூக்குக்குத் தனி இடம் உண்டு. திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைக்கொண்டு மூக்கு அமைத்த செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைப் பின்பற்றி 1814இல் கார்ப்யூ அங்கே அறுவை செய்தார். அதை எவரும் வீண் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அறுபட்ட மூக்குக்கு இரங்குவோம், அமைந்த மூக்கால் வாடுபவருக்கு இரங்க மாட்டோம். பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற இளம் மருத்துவர், காதுகள் விடைத்திருந்ததால் கேலிக்கு ஆளான ஒரு சிறுவனுக்கு 1896இல் அறுவை செய்து அதற்காகவே வேலையை இழந்தார். 1898இல் பெரிய மூக்கால் கூனிக் குறுகிய ஒருவரின் மூக்கைச் சிறிதாக்கினார். உடல் நலமாக இருந்தும் உருவத்தால் ஒருவர் படும் துன்பமும் துன்பமே என்பது அவர் வாதம். அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

நிற்கிறேன் என்று எழுதிவிட்டேன். கால் அவ்வளவு உறுதியாக ஊன்றவில்லை. ஜோசப் யூதர். அவரிடம் வந்த யூதர்கள் பலர் தம் மூக்கில் எழுதியிருந்ததாக ஊர் படித்த ஓர் அடையாளத்தை அழிக்க வந்தவர்கள். நம் நாட்டிலும் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளின் உயர்வு தாழ்வைக் கணக்கிட முயன்றார். 1891இல் அவர் நூல் வெளிவந்தது. நல்ல மூக்கு எது என்று எனக்குச் சொன்னது யார்? கிளிமூக்கு என்று கூவிய ஏழாம் வகுப்பா, பெண் பார்க்க வந்தவர்களா, சினிமாவா? என் விருப்பம் என்று நான் அழுத்திச் சொல்வதில் என்னுடையது எவ்வளவு?

இந்தக் கேள்வியை நானாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடி மூக்கில் அமரக் கூடாது என்பது மருத்துவர் ஆணை. அந்தப் பருவத்தின் அகத்தேர்வு விடைத்தாள்கள் கட்டாகக் காத்திருந்தன. பாடம் ஆரண்ய காண்டம்; கேள்வி சூர்ப்பணகை. (கதையில் எழுதினால் செயற்கை என்று நானே அடித்திருப்பேன்.) பிளஸ் ஒன் படிக்கும் மகள் உரக்கப் படித்தாள், நான் மதிப்பெண் சொன்னேன். பொய்யான அழகோடு வந்ததால் அவள் மூக்கை இழந்தாள் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். நான்தான் அப்படிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கம்பன் அவள் வருகையை எவ்வளவு ஆசையோடு எழுதினான் என்பதை வகுப்பில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

பத்தொன்பதாம் தாளில் மகள் நிறுத்தினாள். அவளுக்கும் அதே மூக்கு. என் பழைய மூக்கு. என் அப்பாவுடையது.

"அம்மா, அப்ப என் மூக்கும் அசிங்கந்தானா?"

இல்லை என்று உடனே சொன்னேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். மறுநாள் கண்ணாடியின் நடுப்பகுதியை நெற்றியில் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு மிச்சத் தாள்களை நானே திருத்தினேன். அவளை அழைக்கவில்லை.