வாட்ச்மேன் அடிக்கலாமா?



திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம். சீதையைத் தூக்கிப் போனவனை அந்தக் கிழட்டுக் கழுகு எடுத்த எடுப்பிலேயே கொத்தவில்லை. முதலில் புத்தி சொன்னது. கேட்காதபோதுதான் அலகையும் நகத்தையும் காட்டியது. காவல் வேலைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

தறியை நிறுத்திவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் பட்டுக்கடை வாசலில் பில்லைச் சரிபார்ப்பவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அடித்தாலும் அடிபட்டாலும் நம் வீட்டு ஆள்தானே?

2023 டிசம்பரில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள், ஆந்திராவிலிருந்து வந்த ஐயப்ப பக்தர்களுக்கும் கோயில் பாதுகாவலர்களுக்கும் கைகலப்பு. பக்தர் ஒருவருக்கு ரத்தம் கொட்டியது. நடை சாத்திப் பரிகாரம் செய்ய வேண்டியதாயிற்று. யார் முதலில் கை வைத்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. என்னைக் கேட்டால், கூட்டம் கத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் பாதுகாவலர்தான். சம்பளமே அதற்குத்தான்!

செக்யூரிட்டி போலீஸ் இல்லை. யூனிபார்ம் போட்டதால் தனி அதிகாரம் வந்துவிடாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள தற்காப்பு உரிமைதான் அவருக்கும். தன்னையோ பிறரையோ பொருளையோ காப்பாற்ற எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் பலம். போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அதுவும் கிடையாது. ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் ஆளைப் பிடித்து வைக்கலாம். 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். பிடித்துக் கட்டிப்போட்ட பிறகு அடிப்பது தற்காப்பே இல்லை.

கடை வாசலில் மெஷின் கத்துகிறது என்று வையுங்கள். கவுண்டரில் டேக்கைக் கழற்ற மறந்திருப்பார்கள். அதற்குள் செக்யூரிட்டியின் கை ஒரு அம்மாவின் பையைப் பிடுங்குகிறது. கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. “அம்மா, கொஞ்சம் பில்லைக் காட்டுங்க” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கென்று 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. நடப்பது என்ன? சட்டையும் விசிலும் கொடுத்து அன்று ராத்திரியே டியூட்டியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 ஜனவரியில் திருச்சூரில், கேட்டைத் திறக்கத் தாமதமானது என்று ஒரு பணக்காரர் காவலாளியை அடித்து, காரால் மோதினார். அடுத்த மாதம் காவலாளி இறந்துபோனார். மோதியவருக்கு ஆயுள் தண்டனை. அந்தக் காவலாளிக்கு யார் பாதுகாப்பு?

அப்புறம், நம் பங்கு. நள்ளிரவில் அபார்ட்மென்டில் ஒரு திருடன் சிக்கினால், “நாலு போடு போடுப்பா” என்று பால்கனியில் நின்று குரல் கொடுப்பது யார்? கோர்ட் வாசலில் காத்துக் கிடக்கப்போவது மாதச் சம்பளக்காரரான காவலாளி. தூண்டிவிட்டவரையும் சட்டம் சும்மா விடாது என்பது வேறு விஷயம்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் ஏஜென்சியின் லைசென்ஸையும் ஆட்களின் பயிற்சிச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். சந்தேகப்படும்படி யாராவது வந்தால் என்ன கேட்பது, யாரை எழுப்புவது, எப்போது 112-ஐ அழைப்பது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, கேட் ரூமில் ஒட்டிவிடுங்கள். சம்பளத்தில் இருநூறு, முந்நூறு கூடக் கேட்பார்கள், கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்