ஒத்திகையிலேயே 749 பேர் பலி: டி-டேவுக்கு முன் என்ன நடந்தது?

டி-டே என்றாலே 1944 ஜூன் 6, நார்மண்டிதான். ஆனால் அதற்கு 39 நாள் முன்பு, ஒத்திகையிலேயே 749 அமெரிக்கர்கள் இறந்துபோனார்கள்.

யூட்டா கடற்கரையில் இறங்க வேண்டியவர்களுக்கு, அதே சாயலில் இருந்த இங்கிலாந்தின் ஸ்லாப்டன் சாண்ட்ஸில் பயிற்சி. அதற்காக அந்தப் பகுதி மக்கள் சுமார் 3,000 பேர் முன்பே வீடுகளைக் காலி செய்திருந்தார்கள். ஏப்ரல் 28 நள்ளிரவு தாண்டியதும், படைகளை ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மன் டார்பிடோ படகுகள் தாக்கின. இரண்டு மூழ்கின.

எதிரி கெட்டிக்காரன்னு மட்டும் சொல்லிட முடியாது. காவலுக்கு வர வேண்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் பழுதாகித் துறைமுகத்தில் நின்றது. ரேடியோ அலைவரிசை எண்ணில் அச்சுப்பிழை. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இதைவிடக் கொடுமை லைஃப் பெல்ட். அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டியதைப் பலர் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகுச் சுமை இழுக்க, தலைகீழாகக் கவிழ்ந்தார்கள். சரியாகக் கட்டச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பிழைத்தவர்கள் வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு. படையெடுப்பு ரகசியம் கசியக் கூடாது, சரி. போர் முடிந்த பிறகுமா? 1954-ல் அங்கே அமெரிக்க ராணுவம் வைத்த நினைவுத் தூண், வீடு கொடுத்த மக்களுக்கு நன்றி சொன்னது. இறந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. 1984-ல் கென் ஸ்மால் என்ற உள்ளூர்க்காரர், 50 டாலருக்கு வாங்கிய ஒரு டாங்கியைக் கடலடியிலிருந்து எடுத்துக் கரையில் நிறுத்தினார். இன்று அதுதான் அவர்களுக்கான நினைவுச் சின்னம்.