ஆச்சி சேலையும் ஆறும்



ஆடி அமாவாசைக்கு எங்க வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அன்றைக்கு ஓர் உயிரையும் கொல்லக் கூடாது என்று அம்மா சொல்லுவாங்க. சரிதான். ஆனால் அதே நாளில் பாபநாசத்தில் குளித்துவிட்டு, கட்டின துணியை ஆற்றிலேயே விட்டுட்டு வருகிறோமே, அது என்ன விரதம்?

போன வருஷம் எங்க ஆச்சி இறந்தபோது ஆச்சி சேலையையும் அங்கேதான் விட்டார்கள். பச்சைச் சேலை, ஓரத்தில் மாங்காய் போட்டது. நான் படியில் நின்று பார்த்தேன். அது ஓடிப் போகவே இல்லை. நாலு பாறை தள்ளி, மற்ற துணிகளோடு சுற்றிக்கிட்டுக் கிடந்தது. அதுக்குள்ளே மாட்டுகிற மீனும் உயிர்தானே?

யூதர்கள் என்று பைபிளில் படிப்போமே, அவங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உபாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கு. எதிரி ஊரை முற்றுகை போட்டால்கூட அங்குள்ள பழமரங்களை வெட்டக் கூடாதாம். அவங்க பெரியவர்கள் இதை மரத்தோடு நிறுத்தவில்லை. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், வேணும்னே துணியைக் கிழிப்பதும், ஊற்றை அடைப்பதும், சாப்பாட்டைப் பாழாக்குவதும் இந்தச் சட்டத்தை மீறுவதுதான் என்று எழுதினார். துணியையும் ஊற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கார் பாருங்க! பாபநாசம் படித்துறையைப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு.

ஆதியாகமத்தில் கடவுள் மனுஷனுக்கு முதலில் கொடுத்தது விதையும் பழமும்தான். கறி நோவா காலத்து வெள்ளத்துக்குப் பிறகுதான். அதனால் யூதர்களில் சிலர் சைவமாகவே சாப்பிடுகிறார்கள். எனக்கு சத்துணவு முட்டை ரொம்பப் பிடிக்கும், அதனால் எல்லோரும் சைவமாகுங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிடாமல் விடுவதோடு முடிந்தது என்று நினைக்காதீங்க என்றுதான் சொல்கிறேன்.

"சாமி காரியத்துல சின்னப்பிள்ள பேசக் கூடாது" என்றார் பெரியப்பா. தர்ப்பணத்தை நான் வேண்டாம்னு சொல்லலை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை எத்தனை ஊர் இந்தத் தண்ணியைக் குடிக்கிறது! நம்ம பாவத்தை அம்பாசமுத்திரத்துக்காரங்களும் ஸ்ரீவைகுண்டத்துக்காரங்களும் ஏன் குடிக்கணும்? ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தால் முன்னோர் கோபிப்பார்களா?

ஆச்சி சேலை இன்னும் ரெண்டு பெட்டியில் இருக்கு. சித்திக்குப் புரட்டாசியில் பிள்ளை பிறக்கப் போகுது. தொட்டில் கட்ட ஒண்ணு வேணும்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.