9 வாரக் கெடு: பக்கத்துத் தெரு டாக்டர் உதவ முடியுமா?

துவாக்குடியில் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் முதலில் போவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான். சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கும், என்ஐடி மாணவிக்கும் மாலையில் கைக்கெட்டும் டாக்டர் அவர்தான். நாள் தள்ளிப்போய் அவரிடம் வரும் பெண்ணுக்கு, "இதெல்லாம் இங்க பார்க்கிறதில்ல, திருச்சிக்குப் போங்க" என்ற பதில் கிடைத்தால் என்ன ஆகும்?

கணக்கைப் பாருங்கள். கர்ப்ப காலம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஒரு வாரம் தள்ளிப்போனதைக் கவனிக்கும்போதே 5 வாரம் ஆகியிருக்கும். மாத்திரை மூலம் கருக்கலைப்பு செய்யச் சட்டம் தரும் எல்லை 9 வாரம். மிச்சம் 4 வாரம்தான். லீவு கேட்டு, வீட்டில் ஒரு காரணம் சொல்லி, நாலு இடம் அலைந்தால் அதுவும் போச்சு.

சட்டம் என்ன சொல்கிறது?

1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை பலனளிக்காமல் போனது, உடல் அல்லது மன நலத்துக்குப் பாதிப்பு போன்ற காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிறைந்தவரின் சம்மதம் மட்டுமே தேவை. கணவர், பெற்றோர் கையெழுத்து வேண்டாம். பெயரை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. மணமாகாதவர் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடும்ப டாக்டருக்கு அனுமதி உண்டா?

உண்டு. மகப்பேறு பிரிவில் 3 மாத அனுபவம், அல்லது மேற்பார்வையில் 10 பேருக்கு மாத்திரை முறையில் சிகிச்சை தந்த பயிற்சி இருந்தால், 9 வாரம் வரை அவரே மாத்திரை எழுதலாம். கிளினிக்கில் ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையுடன் தொடர்பு இருக்கிறது என்ற சான்றிதழ் இருந்தால் போதும்.

அப்புறம் ஏன் தயக்கம்?

தனியாக கிளினிக் நடத்துபவர் பயிற்சிக்கு எங்கே போவார்? எந்த மருத்துவமனை சான்றிதழ் தரும்? வந்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்ற பயம் வேறு. கேட்டுக்கொண்டால் சிறுமியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. மருந்துச் சீட்டே தேவைப்படாத அவசர கருத்தடை மாத்திரைகூட தமிழகத்தின் பல மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை.

கருத்தடையிலும் இதே இடைவெளிதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் 57.8% பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் இளம் தம்பதிக்கு நிதானமாக விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா?

அரசு என்ன செய்யலாம்?

திருச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் தனியார் டாக்டர்களுக்கு வார இறுதிப் பயிற்சி தரலாம். துவாக்குடி அரசு மருத்துவமனையுடன் முறையான இணைப்பும் சான்றிதழும் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் காப்பர்-டி, மாத்திரைகளை இந்த கிளினிக்குகளுக்கும் வழங்கலாம்.

"தெருவுக்குத் தெரு கருக்கலைப்பா?" என்று சிலர் கேட்கலாம். பயிற்சி பெற்ற டாக்டர் கதவை மூடினால், தேவை மறைந்துவிடாது. பரிசோதனை இல்லாமல் யாரிடமோ மாத்திரை வாங்கிப் போடுவார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. சட்டம் ஏற்கனவே அனுமதித்ததை, கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கச் செய்வதுதான் அரசின் வேலை.