உயிர் காக்கும் கயிறு

2023-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி தலைநகராகிய தில்லியில், முகர்ஜி நகர் என்னும் பகுதியில் நிகழ்ந்த காட்சியைப் படங்களில் கண்டவர் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பயிற்சிக் கூடங்கள் நெருங்கியுள்ள இடம் அது. அங்கே ஒரு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மின்சார மீட்டர்கள் தீப்பற்றின. புகை மேல் மாடிகளுக்கு ஏறிற்று. இறங்கும் வழி அடைபட்டுப்போன வாலிபர்களும் பெண்களும் ஜன்னல்கள் வழியே வெளிவந்து, கைக்கு அகப்பட்ட கயிறுகளையும் கம்பிகளையும் பற்றிக்கொண்டு சறுக்கி இறங்கினார்கள். சிலர் பாதி வழியில் பிடி நழுவி விழுந்தனர். காயமடைந்தோர் பலர், ஆயினும் உயிர்ச்சேதம் இல்லை. நாளை இத்தேசத்தின் ஜில்லாக்களை நிர்வகிக்க வேண்டியவர்கள், தாம் படிக்கும் இடத்திலிருந்து உயிருடன் வெளிவருவதற்குத் தொங்கும் கம்பியை நம்ப வேண்டியதாயிற்று! தெய்வாதீனம் என்று சொல்லி நிம்மதியடைவோர் அடையலாம். நம்மால் அங்ஙனம் நிம்மதியடைய முடியவில்லை.

ஏனெனில், அத்தெய்வாதீனம் மற்ற இடங்களில் வாய்க்கவில்லை. 2019 மே மாதம் 24-ந் தேதி சூரத் நகரில் தட்சசீலா என்ற கட்டிடத்தின் மேல் மாடியில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் 22 பேர் மாண்டனர். தீயின் கொடுமை தாங்காமல் அங்கிருந்து குதித்தவர்கள் பலர். தீயணைக்கும் படையின் ஏணி அம்மாணவர்கள் நின்ற உயரத்துக்கு எட்டவில்லை. 2022 மே மாதம் 13-ந் தேதி தில்லியைச் சேர்ந்த முண்ட்காவில் நான்கு மாடி வர்த்தகக் கட்டிடம் ஒன்று எரிந்தது. 27 பேர் இறந்தனர். அத்தனை பேருக்கும் அங்கே படிக்கட்டு ஒன்றுதான். கண்ணாடியை உடைத்துக் கயிற்றைப் பற்றி இறங்கியவர்களும், ஒரு கிரேன் யந்திரத்தின் துணையால் இறக்கப்பட்டவர்களுமாகப் பலர் பிழைத்தனர். இவை வானளாவும் மாளிகைகள் அல்ல என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு மாடி உயரமே மனிதனைக் கொல்லப் போதுமானது. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவன் மணிக்கு 60 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையை மோதுகிறான்.

இது நமது தேசத்துக்கு மாத்திரம் ஏற்பட்ட துர்ப்பாக்கியமன்று. நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25-ந் தேதி டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 தொழிலாளர்கள் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். தீ எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில். ஏணி எட்டியதோ ஆறாம் மாடி வரையில். 1946 டிசம்பர் 7-ந் தேதி அட்லாண்டா நகரில் வைன்காப் ஹோட்டல் எரிந்தது. தீக்கு அஞ்ச வேண்டாத கட்டிடம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஹோட்டல் அது! பதினைந்து மாடிகளுக்கும் படிக்கட்டு ஒன்றே. அதுவும் புகை புகாதவாறு அடைக்கப்படாதது. விருந்தினர் படுக்கை விரிப்புகளை முடிச்சிட்டுக் கயிறாக்கி இறங்க முயன்றனர். முடிச்சு அவிழ்ந்தும் பிடி தளர்ந்தும் பலர் வீழ்ந்தனர். மாண்டவர் 119 பேர். ஏணியை மட்டும் நம்பி மாடி கட்டலாகாது என்ற பாடத்தை உலகம் இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றிருக்கிறது.

வெறுங் கயிற்றைப் பற்றி இறங்குவதென்பது பயிற்சியற்றவர்களால் ஆகக்கூடிய காரியமன்று. உடற்பாரம் முழுவதையும் உள்ளங்கைகள் தாங்க வேண்டும். சறுக்கினால் தோல் உரியும். வலி தாங்காமல் கை தானே விட்டுவிடும். இக்குறையை நீக்கவே இறங்கு கருவிகள் ஏற்பட்டன. அவற்றின் அமைப்பு எளியது. சுவரிலோ தரையிலோ உறுதியாகப் பதித்த இரும்புத் தாங்கியில் ஒரு சிறு பெட்டியை மாட்டுகிறார்கள். அதன் வழியே கயிறு ஓடுகிறது. கயிற்றின் நுனியிலுள்ள பட்டையை மார்பைச் சுற்றி, அக்குளுக்குக் கீழே இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இறங்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பிரேக், இறங்குகிறவனுடைய பாரத்தைக்கொண்டே இயங்கி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, மின்சாரம் வேண்டுவதில்லை, கையில் பலமும் வேண்டுவதில்லை. தென் கொரியாவில் வகுத்துள்ள விதிப்படி, ஒரு விநாடிக்கு 16 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 150 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் அது மனிதனை இறக்க வேண்டும். கயிற்றின் இரு நுனியிலும் பட்டைகள் உண்டு. ஒருவர் தரையை அடையும்போது மறு பட்டை மேலே வந்துவிடும், அடுத்தவர் இறங்கலாம். மனிதன் கண்டுபிடித்த நல்ல சாதனங்களில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இக்காலத்தில் முதுகில் மாட்டிக்கொள்ளும் பையைப் போன்ற கருவிகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. வசதி படைத்தவர்கள் தத்தம் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் அவற்றுடன் கூடவே விலைக்கு வருகிறது. கருவியை நாம் குறை கூறவில்லை. அந்த எண்ணத்தைத்தான் கண்டிக்கிறோம். முண்ட்காவில் மாண்ட தொழிலாளர்களுக்கு அத்தகைய பையை வாங்கும் சக்தி ஏது? வாங்கியிருப்பினும் அதை மாட்டுவதற்கு அங்கே தாங்கி ஏது? மாடியில் வேலை வாங்கிக் கூலி கொடுக்கிறவனும், மாடியில் பாடம் சொல்லிக் கட்டணம் பெறுகிறவனும், அங்கிருந்து உயிருடன் இறங்கும் வழியை மட்டும் அவரவர் பொறுப்பென்று விட்டுவிடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

கருவியின் எல்லைகளையும் மறைக்காமல் கூறவேண்டியது நமது கடமை. பாரத்தைக்கொண்டு இயங்குவதாதலால், 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தை தனியே இறங்க அது ஏற்றதன்று. நோயாளிக்கும், தள்ளாத முதியவருக்கும், அங்கஹீனருக்கும் அது பெரிதும் உதவாது. கீழ் மாடியின் ஜன்னலிலிருந்து ஜ்வாலை வீசினால் அதன் குறுக்கே இறங்குவது அபாயம். சாதாரண நைலான் கயிறு சூட்டில் உருகிவிடும். நமது வீடுகளில் திருடருக்குப் பயந்து ஜன்னல் தோறும் இரும்புக் கிராதி பதித்திருக்கிறோம். திறக்க முடியாத கிராதிக்குப் பின்னால் நிற்பவனுக்குக் கயிறு இருந்தென்ன, இல்லாமலென்ன? இவற்றினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. பட்டையை மாட்டி இறங்க ஒருவருக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே கயிற்றில் நூறு மாணவர்கள் இறங்க ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகும். புகை அவ்வளவு நேரம் காத்திராது. ஆகவே, பலருக்கு வழி படிக்கட்டே. படிக்கட்டை இழந்த சிலருக்கு வழி கயிறு. கயிறு இருக்கிறதென்று காட்டிப் படிக்கட்டைச் சுருக்குகிறவன் கயிற்றையே கொலைக் கருவியாக்குகிறான்.

இவ்விஷயத்தில் நியூயார்க் நகரம் கற்ற பாடம் நம் கவனத்துக்குரியது. 2005 ஜனவரி 23-ந் தேதி அந்நகரின் பிராங்க்ஸ் பகுதியில், வாடகைக் கட்டிடம் ஒன்றில், தீயணைக்கச் சென்ற வீரர்கள் அறுவர் நாலாம் மாடியில் நெருப்பால் சூழப்பட்டனர். சட்டவிரோதமாக எழுப்பப்பட்டிருந்த தடுப்புச் சுவர் அவர்கள் வெளியேறும் வழியை மறித்தது. அறுவரும் ஜன்னல் வழியே வெளிவந்தனர். இருவர் மாண்டனர், நால்வர் படுகாயமுற்றனர். முன்னர் அவ்வீரர்களுக்குத் தனிக் கயிறு வழங்கும் வழக்கமிருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. அன்று அறுவரில் ஒருவரிடம் மட்டும் கயிறு இருந்தது. அது அவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கியது. அதைக்கொண்டு அவரும் மற்றொருவரும் இறங்க முயன்று, பலத்த காயங்களோடு அன்று உயிர் தப்பினர். அதன் பின்னரே அந்நகரத் தீயணைக்கும் படையினர் எல்லோருக்கும், வெப்பத்தைத் தாங்கும் இழையாலான கயிறும், கொக்கியும், இறங்கு கருவியும் வழங்கி, அவற்றைக் கையாளும் பயிற்சியும் அளித்தார்கள். 2016-ல் ஜூரிகள் நகர நிர்வாகத்தையும் கட்டிட உரிமையாளரையும் பொறுப்பாளிகளாக்கி, 18 கோடியே 30 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்துத் தீர்ப்புக் கூறினர். சில கயிறுகளின் விலையை மிச்சப்படுத்தியதன் பலன் இது! பணத்தைக் கணக்கிடலாம்; போன உயிர்களுக்குக் கணக்கேது?

சட்டம் இயற்றினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தென் கொரியா சாட்சி. மூன்றாம் மாடி முதல் பத்தாம் மாடி வரையில் இறங்கு கருவி வைக்கவேண்டுமென்பது அந்நாட்டு விதி. தங்கும் விடுதிகளில் அறைதோறும் வைக்கவேண்டும். இது போற்றத்தக்க விதியே. ஆயினும் 2024 ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி புச்சோன் நகரில் ஒரு ஹோட்டல் எரிந்தபோது ஏழு பேர் மாண்டனர். அவர்களில் இருவர், கீழே விரித்த காற்று மெத்தையின் மீது குதித்தவர்கள், மெத்தை புரண்டுவிட்டது. அந்த ஹோட்டலின் அறைகளில் பலவற்றில் முறையான இறங்கு கருவி இல்லையென்றும், சிலவற்றில் கயிறு தரைக்கு எட்டாத நீளமுடையதென்றும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. தரைக்கு எட்டாத கயிறு! ஏட்டில் சட்டமும் சுவரில் பெட்டியும் இருந்து, பரிசோதிப்பவனும் பழக்குபவனும் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

நமது தேசத்தில் நிலைமை என்ன? 2016-ல் வெளியான தேசியக் கட்டிட விதித்தொகுப்பு தீக்காப்பைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. ஆனால் அது யோசனையே யொழியக் கட்டளையன்று. ராஜ்ய சர்க்கார்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் தத்தம் விதிகளில் ஏற்று அமல் நடத்தினாலன்றி அதற்கு உயிரில்லை. ஆதலின், நாம் வேண்டுவன இவை. முதலாவதாக, ஜனங்கள் கூடும் மாடிக் கட்டிடம் எதுவாயினும், புகை புகாத இரண்டு படிக்கட்டுகளுக்குக் குறைவாக இருக்கலாகாது. உள்ள படிக்கட்டில் சாமான் அடுக்குவதும் கதவைப் பூட்டுவதும் கடுங்குற்றமாகப் பாவிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, மறு படிக்கட்டுக் கட்ட இயலாத பழைய கட்டிடங்களில், மூன்றாம் மாடி முதல் பத்தாம் மாடி வரை, உரிமையாளரின் செலவில் பரிசோதிக்கப்பட்ட இறங்கு கருவிகளும் உறுதியான தாங்கிகளும் பதிக்கப்பட வேண்டும். அவ்விடத்து ஜன்னலின் கிராதி உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருத்தல் அவசியம். பத்து மாடிக்கு மேற்பட்டவற்றுக்குக் காப்புள்ள படிக்கட்டும், நீர் தெளிக்கும் குழாய்களும், ஒதுங்கி நிற்கும் தளங்களுமே கதி. மூன்றாவதாக, வருஷத்துக்கு இரு முறையேனும் அங்கு வேலை செய்வோரும் படிப்போரும் பட்டையை மாட்டிப் பழகவேண்டும். புகையின் நடுவே உபயோக முறையைப் படித்தறிய எவராலும் முடியாது. நான்காவதாக, தீயணைக்கும் படையின் ஒவ்வொரு சிப்பந்திக்கும் தனிக் கயிறும் கருவியும் சர்க்கார் செலவில் வழங்கப்பட வேண்டும். பிறர் உயிரைக் காக்கச் செல்பவன் தன் உயிரைக் காக்கும் கயிற்றைத் தானே விலைக்கு வாங்கும் நிலை எந்த சர்க்காருக்கும் பெருமை தருவதன்று.

செலவு அதிகமென்று கட்டிட உரிமையாளர் கூறுவர். ஆள் போதாதென்று அதிகாரிகள் கூறுவர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் கேட்டுப் பழகிய வார்த்தைகள் இவை. விபத்து நடந்த வாரத்தில் விசாரணை, மறு வாரத்தில் நஷ்டஈடு, அதற்கடுத்த வாரத்தில் மறதி என்ற முறை ஒழியவேண்டுமானால், பொதுஜனங்களின் கண் விழித்திருக்க வேண்டும். அரசியல் தொண்டில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். தொழிலாளர் சங்கத்திலும், மாணவர் சங்கத்திலும், நகரசபையிலும் இருப்பவர்கள் தத்தம் ஊரிலுள்ள மாடிக் கட்டிடங்களுக்கு நேரில் சென்று, “இங்கே இரண்டாவது வழி எங்கே?” என்று கேட்கத் தொடங்கினால், எந்தச் சுற்றறிக்கையும் செய்யாததை அக்கேள்வி செய்யும். விடை கிடைக்காத கட்டிடங்களின் பெயரை நகரசபைக் கூட்டத்தில் பகிரங்கமாகப் படியுங்கள். சுயராஜ்யத்தில் பிரஜையின் உயிர் தற்செயலாகத் தொங்கும் கம்பியில் ஊசலாடக் கூடாது. படிக்கட்டைத் திறந்து வைப்பதும், அது அடைபட்டால் தரை வரை எட்டும் கயிற்றைக் கொடுப்பதும் தர்மமன்று, கடமை. அக்கடமையை அடுத்த தீ மூளுமுன் செய்விக்க வேண்டியவர்கள் நாம்.