வெட்டி ஒட்டிய வேட்டை

போன நவம்பரில் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் மகன் வீட்டில் இருந்தபோது நடந்தது இது. ஊர் திரும்பிப் பல வாரம் ஆகியும் மனதில் கிடந்து உறுத்துகிறது. எழுதிவிட்டால் தீரும் என்று எழுதுகிறேன்.

வேட்டையைப் பற்றிய பதிவு. பிடிக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆனாலும் கடைசிவரை படியுங்கள். நான் இங்கே கண்டிக்கப் போவது வேட்டைக்காரர்களை அல்ல. வேட்டையைத் தொலைக்காட்சியில் காட்டிப் பிழைப்பவர்களை. அதையும் நானாகச் சொல்லவில்லை. அறுபது வருடமாக வேட்டையாடும் ஒருவர் நொந்துபோய்ச் சொன்னதைக் கேட்டபிறகுதான் சொல்கிறேன்.

மகனின் பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுக்காரர். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வயதில் தன் தகப்பனாரோடு காட்டுக்குப் போக ஆரம்பித்தவர். அந்த மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாட முக்கியமான பருவம் நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அனுமதிச் சீட்டு வாங்குகிறார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். நம் ஊர் கோவில் திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்கள் வந்து சேர்வதுபோல அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் அந்த ஒன்பது நாளுக்கு ஒன்றுகூடுகிறார்கள்.

அவர் வேட்டை எப்படி என்று கேட்டேன். "பெரும்பாலும் குளிரில் உட்கார்ந்திருப்பதுதான்" என்றார். மரத்தில் கட்டிய பரணில் பத்து மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். சில வருடம் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால் அங்கேயே குடலெடுத்து, இழுத்துவந்து, தோலுரித்து, துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் கறி. மிஞ்சினால் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடங்களுக்குத் தருகிறார்கள். அதற்கென்றே அங்கே ஒரு திட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது.

இந்தப் பருவத்தில் தன் பதினைந்து வயதுப் பேரனையும் அழைத்துப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பையன் வெகு தூரத்தில் நின்ற ஒரு மானைச் சுட்டுவிட்டான். முந்நூறு கெஜம் இருக்குமாம். மான் விழவில்லை, ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் பனியில் ரத்தம். இருவரும் விளக்கை எடுத்துக்கொண்டு தேடினார்கள். இரவில் புதுப்பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. மறுநாள் முழுக்கத் தேடினார்கள். அதற்கடுத்த நாளும் தேடினார்கள். புதன்கிழமை காக்கைக் கூட்டத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஓநாய் மாதிரி அங்கே கயோட்டி என்று ஒரு பிராணி உண்டு. அவை தின்றது போக எலும்பும் தோலும்தான் கிடந்தன. வயிற்றில் குண்டு பட்டிருந்ததாம். அப்படிப்பட்ட மான் சாகப் பல மணி நேரம் ஆகும்.

மறுநாள் வியாழன், அவர்களுடைய நன்றி தெரிவிக்கும் நாள். எங்களையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வேட்டை நிகழ்ச்சி. ஒருவர் காதோடு ரகசியம் பேசுவதுபோல் கேமராவைப் பார்த்து முணுமுணுக்கிறார். பெரிய கொம்புள்ள மான் வருகிறது. சுடுகிறார். மான் விழுகிறது. அதே காட்சியை மெதுவாக ஓட்டி இன்னும் இரண்டு முறை காட்டுகிறார்கள். அவர் குதிக்கிறார், கத்துகிறார், கூட இருப்பவர் கையில் கையை அறைகிறார். பிறகு மானின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கிவைத்துக்கொண்டு, ரைஃபிள் என்ன கம்பெனி, சட்டை என்ன கம்பெனி, பூட்ஸ் என்ன கம்பெனி என்று சொல்லி நன்றி கூறுகிறார்.

பெரியவர் எழுந்துபோய் அதை அணைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. பேரன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார்: "எதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து சுட்டாய் என்று கேட்டேன். டிவியில் ஐந்நூறு கெஜத்திலிருந்து சுடுகிறார்களே தாத்தா என்றான். நான் அறுபது வருடத்தில் நூறு கெஜத்தைத் தாண்டிச் சுட்டதில்லை. அதை அவனுக்குச் சொல்லாதது என் தப்பு. ஆனால் அவனுக்குப் பாடம் எடுத்தது நான் இல்லை, அந்தப் பெட்டி."

என் வழக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் ஒரு மான் விழுந்தாக வேண்டும். எனவே வெறுங்கையோடு திரும்பிய நாட்களை வெட்டிவிடுகிறார்கள். தவறிய குண்டு, வயிற்றில் பட்ட குண்டு, இரவெல்லாம் ரத்தத் தடம் தேடுவது, குடலெடுப்பது, கறி சுமப்பது எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது துப்பாக்கி வெடிக்கும் ஒரு கணமும் அதன்பின் வரும் கூத்தும். வேட்டைக்காரனைக் கேட்டால் அவர்கள் வெட்டி எறிந்ததுதான் வேட்டை என்பான்.

இதன் பொருளாதாரத்தையும் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிகளில் பலவற்றுக்குச் சேனல் காசு கொடுப்பதில்லை. தொகுப்பாளரே காசு கொடுத்து ஒளிபரப்பு நேரத்தை வாங்குகிறார். அதைத் துப்பாக்கி, வில், உடை, தீனி விற்கும் கம்பெனிகளிடம் வசூலித்து ஈடுகட்ட வேண்டும். மான் விழாவிட்டால் நிகழ்ச்சி இல்லை, பணம் இல்லை. பரணில் பத்து மணி நேரம் சும்மா இருக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மான் நிச்சயமாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகிறார். தானியங்கி இயந்திரம் நேரம் தவறாமல் மக்காச்சோளம் கொட்டும் பண்ணைகள் இருக்கின்றன. எட்டடி உயர வேலிக்குள் கொம்புக்காகவே மான் வளர்த்து, இன்ன அளவு கொம்புக்கு இத்தனை ஆயிரம் டாலர் என்று விலைப்பட்டியல் போட்டிருக்கும் பண்ணைகளும் இருக்கின்றன. வேலி மட்டும் படத்தில் விழாது. கோழிப் பண்ணையில் கோழி வாங்கிவிட்டுக் காட்டுக்கோழி பிடித்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேட்டைக்கு நியாயம் பார்ப்பது கிழவர்களின் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். மிருகத்துக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தப்ப முடியாத வேலிக்குள் கொன்ற மிருகத்தை இன்றும் அவர்கள் தங்கள் சாதனைப் பதிவேட்டில் ஏற்பதில்லை. 1902-ல் மிசிசிப்பியில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரூஸ்வெல்ட்டுக்கு அதுவரை கரடி கிடைக்கவில்லை என்று, வழிகாட்டி ஹோல்ட் காலியர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து அவரைக் கூப்பிட்டார். கட்டிப் போட்டதைச் சுடுவது வேட்டையல்ல என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். காயப்பட்ட அந்தக் கரடி துன்பப்படாமல் முடித்துவைக்கச் சொன்னார். அது பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்து, குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் டெடி கரடிப் பொம்மை பிறந்தது. இன்றைய நிகழ்ச்சிகளில் சில, கட்டிய கயிறு தெரியாதபடி படம் பிடித்த கரடிகள்தான்.

சட்டத்துக்கு வந்தால் இன்னும் மோசம். பாடகரும் வேட்டை நிகழ்ச்சி நடத்துபவருமான டெட் நியூஜென்ட் 2010-ல் கலிஃபோர்னியாவில் தீனி வைத்து மான் வேட்டையாடிய வழக்கில் மாட்டினார். எதிர்த்து வாதாடாமல் 1,750 டாலர் அபராதம் கட்டினார். வனவிலங்குக் காவலர்களுக்குத் துப்புக் கொடுத்தது அவருடைய நிகழ்ச்சியேதான்! 2012-ல் அலாஸ்கா வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு கரடியைக் காயப்படுத்தினாலே அது கணக்கில் சேரும். அவர் அம்பால் ஒன்றைக் காயப்படுத்திவிட்டு, பிறகு இன்னொன்றைக் கொன்றிருந்தார். அபராதம் 10,000 டாலர். அப்படி ஒரு விதி இருப்பது தெரியாது என்றார். ஊருக்கெல்லாம் வேட்டை கற்றுக்கொடுப்பவருக்கு விதி தெரியாது!

இன்னொன்று மனதைப் பிசைவது. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தைப் பல்லாண்டு நடத்திய வெய்ன் லாப்பியர் 2013-ல் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டுக்கு யானை வேட்டைக்குப் போனார். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகப் படம் பிடித்தார்கள். முதல் குண்டில் யானை விழுந்தது, சாகவில்லை. எங்கே சுட வேண்டும் என்று வழிகாட்டி காட்டியும், கிட்டத்தில் நின்றுகொண்டு மறுபடி மறுபடி சுட்டும் அவரால் முடிக்க இயலவில்லை. கடைசியில் கூட வந்தவர் முடித்துவைத்தார். அந்தப் படம் ஒளிபரப்பாகவே இல்லை. எட்டு வருடம் கழித்து 2021-ல் பத்திரிகையாளர்கள் கையில் கிடைத்துத்தான் வெளியே வந்தது. நான் கேட்பது ஒன்றுதான். இப்படி வெட்டி ஒளித்துவைத்த படங்கள் இன்னும் எத்தனை பெட்டிகளில் கிடக்கின்றனவோ?

அதே விஸ்கான்சினில் பேராசிரியராக இருந்தவர் ஆல்டோ லியோபோல்ட். கடைசிவரை வேட்டைக்காரர், ஆனால் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு அந்த நாட்டில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவர் இறந்த மறு வருடம், 1949-ல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு கருத்து சொல்கிறார். மற்ற விளையாட்டுக்குப் பார்வையாளர் உண்டு, நடுவர் உண்டு. வேட்டைக்காரனுக்கு யாரும் இல்லை, அவன் மனச்சாட்சிதான் அவனுக்கு நடுவர் என்கிறார். பெரியவர் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் முனை மடங்கிக் கிடந்தது. தொலைக்காட்சி என்ன செய்தது? காட்டுக்குள் லட்சம் பார்வையாளர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. கைதட்டுகிறவர்கள் வந்தபின் மனச்சாட்சியை யார் கேட்கப் போகிறார்கள்?

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். என் அப்பா உத்தமபாளையம் பக்கம் விவசாயி. சோளக்கொல்லையைக் காக்க உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். 1960-களில் ஒருநாள் இரவு காட்டுப்பன்றியைச் சுட்டார். அடிபட்டு ஓடிவிட்டது. மறுநாள் எங்கள் முறைத் தண்ணீர். அதையும் விட்டுவிட்டு டார்ச் விளக்கோடு மலையடிவாரம் வரை போய், பொழுது உச்சிக்கு வந்தபிறகு ஓடையில் கண்டுபிடித்து முடித்துவிட்டு வந்தார். தண்ணீர் போச்சே என்று அம்மா சத்தம் போட்டார். "அடிச்சவன்தான் முடிக்கணும். அது எங்கேயோ கிடந்து துடிக்க, நான் இங்க மடை திறந்துக்கிட்டு நிக்கவா?" என்றார் அப்பா. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த சில வருடங்களில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். சட்டம் சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அப்பா சொன்ன சொல்லையும் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்று நாள் பனியில் நடந்ததையும் நான் வேறுவேறாகப் பார்க்கவில்லை.

கொல்வது கொல்வதுதான், அதில் என்ன நியாயம் அநியாயம் என்று சிலர் கேட்பீர்கள். உங்கள் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் கறி சாப்பிடுகிற நம்மில் பலருக்கு அப்படிக் கேட்க உரிமை இல்லை. கொல்லத்தான் வேண்டும் என்றால் துடிக்கவிடாமல், வீணாக்காமல், கூத்தாடாமல் செய்வதற்கும் மற்றதற்கும் வித்தியாசம் உண்டு. செத்தவனுக்கு முன்னால் கெக்கலி கொட்டிச் சிரிக்கக் கூடாது என்று மனிதனுக்குத்தானா விதி?

தொலைக்காட்சி ஆட்களுக்கும் ஒரு வாதம் உண்டு. அங்கே 1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டாவின் மேல் வசூலிக்கும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டைக்கு இளைஞர் வந்தால்தான் அந்தப் பணம் வரும், எங்கள் நிகழ்ச்சிதான் அவர்களை அழைத்து வருகிறது என்கிறார்கள். வரி உண்மை. ஆனால் அழைத்து வந்த இளைஞனுக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பதற்கு அந்த மானின் எலும்புக்கூடு பதில் சொல்லும். அதோடு, வேட்டையாடாத மக்கள் பொறுத்துக்கொள்கிற வரையில்தான் அங்கே வேட்டை நடக்கும். இந்தக் கூத்தைப் பார்க்கிறவர்களுக்கு வேட்டைக்காரன் எல்லோரும் இப்படித்தான் என்று தோன்றும். வேட்டைக்கு வெளியிலிருந்து வரும் எதிரியைவிட இவர்கள் செய்யும் கெடுதல் அதிகம் என்று பெரியவர் சொன்னதை நான் முழுதும் ஒத்துக்கொள்கிறேன்.

மானைக் கண்டுபிடித்த அன்று அவர் பேரனைத் திட்டவில்லை. எலும்புக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தி, "இதுதான் உன் மான். உன் சீட்டு முடிந்தது" என்று மட்டும் சொன்னாராம். பருவத்தில் இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது. பையன் துப்பாக்கி இல்லாமல் தாத்தாவோடு பரணில் போய் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் வெறுங்கையோடு திரும்பி வந்ததை மகன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பையன் தாத்தாவின் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.