படித்த கதையை மீண்டும் படிக்கலாமா?

"படித்த புத்தகத்தையே மறுபடி எடுக்கிறாயே, வேறு புத்தகமே இல்லையா?" நூலகப் பாடவேளையில் இந்தக் கேள்வியை நாங்கள் கேளாத வாரமில்லை. வீட்டிலோ பாடத்தை எத்தனை முறை படித்தாலும் மகிழ்ச்சி; கதையை இருமுறை படித்தால் மட்டும் காலம் வீணாம்! இதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை. முதல்முறை படித்தபோது வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஓடினோம். கொடும்பாளூர் இளவரசி வானதி வந்தபோதெல்லாம் சிரித்தோம். எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறாளே! நம் மாவட்டத்துப் பெண்ணைப் போய் இப்படிப் படைத்துவிட்டாரே என்று சற்றுக் கோபமும் வந்தது. காலை வழிபாட்டின்போது வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்த தோழிக்கு 'வானதி' என்றே பெயர் வைத்தோம்.

மறுமுறை படித்தபோதுதான் வெட்கப்பட்டோம். அருள்மொழிவர்மர் ஈழப் போருக்குப் புறப்படும் வேளையில் வானதி ஏந்திய விளக்குத் தட்டு விழுகிறது, அவளும் விழுகிறாள். மற்றப் பெண்கள் அதைப் பாசாங்கு என்கிறார்கள். அத்தியாயத்தின் தலைப்பே 'வானதியின் ஜாலம்'! கல்கி நம்மையும் அந்தக் கேலிக் கூட்டத்தில் நிறுத்திவிடுகிறார். அவளுடைய தந்தை ஈழப் போரில் மாண்டவர் என்பது கதையிலேயே இருக்கிறது. நாங்கள்தான் வேகத்தில் தாண்டிவிட்டோம். அதே வானதி கடைசிப் பாகத்தில், சோழ சிங்காதனத்தில் அமரவே மாட்டேன் என்று பூங்குழலியிடம் சபதம் செய்கிறாள். முதல்முறை அதுவும் எங்கள் மனத்தில் தங்கவில்லை.

இலக்கிய மன்றக் கதைப் போட்டியில் நாங்கள் முதல் வரியிலேயே "மாலா மிகவும் நல்ல பெண்" என்று எழுதிவிடுவோம். அதன்பின் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு பெண்ணைப் பிறர் வாயால் தவறாக அறிமுகம் செய்து, பிறகு மெல்ல மெல்ல உண்மையைக் காட்டலாம் என்பதை எங்களுக்குக் கற்பித்தது இந்த மறுவாசிப்புத்தான். முடிவு தெரிந்துவிட்டதால் அவசரமில்லை. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று நின்று பார்க்க முடிகிறது.

ஊதாரி மைந்தன் உவமை கோயிலில் வாசிக்கப்படும்போது, முன்பே கேட்டாயிற்று என்று எவரும் எழுந்து போவதில்லை. சிறு வயதில் இளையவனை மட்டும் பார்த்தோம். இப்போது, விருந்துக்குள் வராமல் வெளியே நிற்கும் மூத்தவன்மீதும் கண் போகிறது.

விராலிமலைக்குத் தெற்கே, கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களாலும் எழுப்பிய மூன்று விமானங்களில் இரண்டே இன்று நிற்கின்றன. அவர் வரலாற்றைக் கூறும் கல்வெட்டில் வானதியின் பெயர் இல்லை. அவள் கதையில்தான் இருக்கிறாள். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைப் பார்த்தது போதும் என்கிறார்கள் சிலர். அவற்றில் அவளுக்குக் கிடைத்த இடம் கொஞ்சமே!

ஆகவே, 'முன்பே எடுத்தது' என்று சொல்லி நூலை எங்களிடமிருந்து திரும்ப வாங்க வேண்டாம் என்பதே எங்கள் விண்ணப்பம். 'புது வெள்ளம்' பாகத்துக்கு எங்கள் வகுப்பில் இப்போது நான்கு பேர் காத்திருக்கிறோம். மூவர் முன்பே படித்தவர்கள்.